நினைப்பும் நிமிர்வும்

1904ஆம் ஆண்டில் பெர்லின் நகரக் குடியிருப்பொன்றின் முற்றத்தில் நாள்தோறும் கூட்டம் கூடியது. கூட்டத்தை ஈர்த்தது ஆன்சு என்னும் குதிரை. ஓய்வுபெற்ற கணக்காசிரியர் வில்லெம் வான் ஓசுதன் அதன் உரிமையாளர். மூன்றையும் நான்கையும் கூட்டினால் எவ்வளவு என்று கேட்டால், குதிரை வலக் குளம்பால் நிலத்தை ஏழு முறை தட்டி நிறுத்தும். பின்னக் கணக்கு, நாள்காட்டிக் கேள்வி, எழுத்துக் கூட்டல் எல்லாம் அதற்குக் கைவந்தவை. அறிஞர் குழுவொன்று நேரில் ஆராய்ந்து, ஏமாற்று எதுவும் இல்லை என்று சான்றளித்தது. உண்மையிலேயே ஏமாற்று எதுவும் இல்லை.

ஆசுகர் ஃபுங்சுட்டு என்னும் ஆய்வாளர் ஒரு சிறு மாற்றம் செய்து பார்த்தார். கேட்பவருக்கே விடை தெரியாத கேள்விகளைக் கேட்கச் செய்தார். குதிரையின் கணக்கறிவு அப்போதே கலைந்தது. அதன்பின் அவர் குதிரையைப் பார்ப்பதை விட்டுக் கேட்பவர்களைப் பார்க்கத் தொடங்கினார். கேள்வியை முடித்தவர் குளம்பை நோக்கித் தலையை இம்மியளவு முன்னே சாய்க்கிறார். குதிரை தட்டத் தொடங்குகிறது. எண்ணிக்கை விடையை நெருங்க நெருங்க அவர் உடலில் இறுக்கம் ஏறுகிறது. விடை வந்த நொடியில் இறுக்கம் தளர்ந்து தலை மயிரிழை அளவு மேலெழுகிறது; குதிரை நின்றுவிடுகிறது. தாம் அசைந்தது கேட்டவருக்குத் தெரியாது. ஃபுங்சுட்டு பிறகு ஆய்வுக்கூடத்தில் தாமே குதிரையின் இடத்தை ஏற்றார். எதிரே நிற்பவர் ஓர் எண்ணை மனத்துக்குள் வைத்துக்கொள்ள, இவர் கையால் தட்டிக்கொண்டே வந்து, அவர் தலை எழும்போது நிறுத்தினார். பெரும்பாலும் எண் பொருந்திற்று. இன்னொன்றும் தெரிந்தது. இந்தச் செய்கையை முற்றும் அறிந்துகொண்ட பின்னரும், தாம் கேள்வி கேட்கையில் அதை அடக்க அவராலேயே இயலவில்லை.

ஆன்சைப் பற்றி எழுதுவோர் விலங்கின் அறிவைப் பற்றியே பெரிதும் எழுதுகின்றனர். எனக்கு அந்நிகழ்ச்சியில் முதன்மையாகப் படுவது மாந்தரின் கழுத்து. ஏழு என்னும் எண்ணை எதிர்பார்ப்பதற்குத் தசை எதுவும் தேவையில்லை. ஆயினும் எதிர்பார்ப்பு கழுத்தில் இறங்குகிறது; தலையைத் தாங்கும் பாங்கை மாற்றுகிறது; தடுக்க நினைப்பவரையும் மீறி மாற்றுகிறது.

இதே பொருளைப் பிரெஞ்சு வேதியியலாளர் மிசெல் செவ்ரூல் எழுபது ஆண்டுகளுக்கு முன்பே தொட்டிருந்தார். அக்காலத்தில் நூலில் கட்டிய ஊசற்குண்டைப் பாதரசத்தின் மேல் பிடித்தால் அது தானே ஆடும் என்று பலர் நம்பினர். செவ்ரூல் பிடித்துப் பார்த்தார், ஆடிற்று. பாதரசத்துக்கும் குண்டுக்கும் இடையே கண்ணாடித் தகட்டை வைத்தால் ஆட்டம் நிற்கும் என்று எண்ணினார், நின்றது. பின்னர்க் கையை மரக்கட்டை மீது தாங்கினார். தாங்குமிடம் விரல்களை நெருங்கும்தோறும் ஆட்டம் குறைந்தது. கண்ணைக் கட்டிக்கொண்டு செய்தபோது, தகட்டை வைத்தாலும் எடுத்தாலும் வேறுபாடில்லை. ஆட்டியது பாதரசமன்று, ஆடும் என்ற தம் எண்ணமே என்று முடிவுகட்டி, 1833இல் இயற்பியலாளர் ஆம்பியருக்கு எழுதிய மடலொன்றில் இதை வெளியிட்டார். 1852இல் இலண்டனில் வில்லியம் கார்பென்டர் என்னும் மருத்துவ அறிஞர், எண்ணமே நேராகத் தசையை இயக்கும் இந்நிகழ்வுக்குத் தனிப்பெயர் சூட்டினார். மறு ஆண்டிலேயே, ஆவி நகர்த்துகிறது என்று சொல்லப்பட்ட மேசைகளைச் சுற்றி அமர்ந்தவர்களின் கைகளுக்கடியில் அட்டைகளை அடுக்கி, மேசைக்கு முன்னதாகக் கைகளே நகர்கின்றன என்று இயற்பியலாளர் பாரடே காட்டினார்.

ஐயமுள்ளவர்கள் ஒரு நூலில் மோதிரத்தைக் கட்டித் தொங்கவிட்டு, கையை அசைக்காமல், அது வலமிருந்து இடமாக ஆடுவதாக மட்டும் நினைத்துக்கொண்டு சிறிது நேரம் காத்திருக்கலாம். பெரும்பாலோருக்கு மோதிரம் ஆடும்.

எண்ணம் உடலில் இறங்குகிறது என்பது, ஆகவே, பழைய செய்தி. அண்மைக்கால ஆய்வுகள் கேட்பது வேறொன்று. நிற்பதும் நடப்பதும் பெரும்பாலும் நம் அறிவுக்கு எட்டாமலே நடப்பவை. அவற்றை வேண்டுமென்றே நினைக்கும் நினைப்பால் திருத்த முடியுமா? முடியுமென்றால் எவ்வகை நினைப்பால்?

நிற்பதை ஓய்வு என்று கருதுகிறோம். நிற்கும் உடலின் கீழே அழுத்தம் அளக்கும் தட்டொன்றை வைத்துப் பார்த்தால் ஓய்வின் தடயமே காணப்படாது. உடலின் எடைமையம் கணுக்காலுக்குச் சற்று முன்னே விழுவதால், உடல் எப்போதும் முன்னே சாயப் பார்க்கிறது. கெண்டைக்கால் தசைகள் அதைப் பின்னிழுக்கின்றன. இழுவை மிகுந்தாலும் குறைந்தாலும் உடல் தள்ளாடும். கண், உட்செவி, பாதத்தின் தோல், கழுத்துத் தசைகள் ஆகியவற்றிலிருந்து வரும் செய்திகளைச் சேர்த்து, மூளைத்தண்டும் தண்டுவடமும் சிறுமூளையும் தசைகளின் விறைப்பை நொடிதோறும் மாற்றியமைக்கின்றன. நிற்கும் உடலைத் தாங்கும் இந்தத் தசைவிறைப்பு ஒரே அளவில் நிலைத்திருப்பதில்லை. அதன் இயல்பே நெகிழ்ந்துகொடுப்பது.

இவ்வேற்பாடு நடந்து முடிந்த தள்ளாட்டத்தை மட்டும் திருத்துவதில்லை. வரப்போவதையும் முன்னறிந்து நடக்கிறது. மாசுக்கோவில் 1967இல் பெலெங்கி, குர்பிங்கெல், பால்த்செவ் ஆகிய மூவர் ஓர் எளிய ஆய்வைச் செய்தனர். நிற்பவரைக் கையை விரைந்து முன்னே உயர்த்தச் சொல்லி, தசைகளின் மின்னோட்டத்தைப் பதிந்தனர். முதலில் விழித்தது தோள்தசை அன்று. தொடையின் பின்புறத் தசை. கை எழுந்தால் உடல் முன்னே சரியும் என்பதை நரம்பு மண்டலம் அறிந்திருக்கிறது. கை அசையுமுன்பே, நொடியின் சிறு கூறு முந்திக்கொண்டு, காலைக் கட்டிவிடுகிறது. உடலுக்கு வெளியிலிருந்து முட்டுக்கொடுத்துவிட்டால் இந்த முன்னேற்பாடு குறைந்துவிடுகிறது என்பதும் பின்னர்த் தெரியவந்தது. ஆகவே இது வெறும் அனிச்சைச் செயலன்று. செய்யக் கருதியதையும் சூழலையும் ஒருங்கே எடைபோட்டுச் செய்வது. நாம் ஒன்றைச் செய்ய எண்ணிய அளவிலேயே நிற்கும் பாங்கு மாறிவிடுகிறது.

எண்ணம் மட்டுமே எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு 1992இல் வந்த ஓர் ஆய்வு எடுத்துக்காட்டு. யூ, கோல் என்னும் இருவர், ஒரு குழுவினரை நான்கு வாரம் சுண்டுவிரலை முழு வலிவோடு அழுத்திப் பழகச் செய்தனர். மற்றொரு குழு, விரலை அசைக்காமல், அழுத்துவதாக நினைத்து மட்டும் பழகியது. முதற்குழுவின் வலிமை 30 விழுக்காடு ஏறியது. நினைத்தவர்களுக்கு 22 விழுக்காடு. எதுவும் செய்யாதவர்களுக்கு நான்கு விழுக்காடு அளவே. நினைக்கையில் தசை ஓய்வாகவே இருந்தது. பெருகியது தசையன்று, தசையை ஏவும் மூளையின் திறம். சுண்டுவிரலுக்குக் கண்டதை முழு உடலுக்கும் நீட்டி, கட்டிலில் படுத்தபடியே உடற்பயிற்சி செய்யலாம் என்று சொல்ல நான் துணியேன். ஆயினும் வலிமை என்று நாம் சொல்வதில் ஒரு பங்கு ஏவலைச் சார்ந்தது என்பது உறுதி.

அச்சத்தின் செயல் இன்னும் தெளிவு. கனடா ஆய்வாளர்கள், நிலத்திலிருந்து 40 சென்டிமீட்டர் உயர மேடையிலும் 160 சென்டிமீட்டர் உயர மேடையின் விளிம்பிலும் மக்களை நிற்கவைத்து அளந்தனர். இரு மேடைகளும் உறுதியானவை. நிற்பதற்கான வேலையும் ஒன்றே. ஆயினும் உயர மேடையில் நின்றவர்கள் விளிம்பை விட்டுப் பின்னே சாய்ந்தனர். தள்ளாட்டத்தின் அளவு சுருங்கியது. அதன் விரைவு கூடியது. கணுக்கால் விறைத்துக்கொண்டது என்பது இதன் பொருள். அவர்களை விறைக்கச் சொன்னவர் எவருமில்லை. விழுந்தால் என்னாகும் என்ற நினைப்பே போதுமானதாயிற்று.

முதுகுவலி பற்றிய ஆய்வுகளில் இது மேலும் கூர்மை பெறுகிறது. மோசுலி, நிக்கோலசு, ஆட்சசு ஆகியோர் 2004இல் வெளியிட்ட ஆய்வில், முதுகுவலி இல்லாத நலமுள்ளவர்களே கலந்துகொண்டனர். கையை உயர்த்தும்போது எப்போதாவது முதுகில் வலிக்கும் தூண்டலொன்று கொடுக்கப்படும் என்ற எதிர்பார்ப்பு அவர்களுக்கு ஊட்டப்பட்டது. தூண்டல் கொடுக்கப்படாத முறைகளிலும், எதிர்பார்ப்பு இருந்தவரை, வயிற்றின் ஆழ்தசை வழக்கத்துக்கு மாறாகப் பிந்தி விழித்தது. மேல்தசைகள் மிகுதியாக இறுகின. நெடுநாள் முதுகுவலியாளரிடம் காணப்படும் தசைப்போக்கை இது ஒத்திருந்தது. வலி வருமென்ற நினைப்பு, வலியுடையவரின் முதுகை வலியற்றவருக்குத் தந்துவிட்டது. முதுகுவலிக்காரரிடம், குனியாதே, தூக்காதே, முதுகு உடைந்துவிடும் என்று ஓயாமல் எச்சரிப்பவர்கள் இந்த ஆய்வை ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இத்துறையில் எவரும் ஒதுக்க முடியாத ஒருவர், அறிவியலாளர் அல்லாத ஒருவர், பிரெடரிக் மத்தியாசு அலெக்சாண்டர். 1869இல் ஆசுதிரேலியாவின் தாசுமேனியாத் தீவில் பிறந்தவர். மேடையில் பாடல்களையும் நாடகப் பகுதிகளையும் உணர்ச்சியோடு ஒப்பித்துப் பிழைத்தவர். நிகழ்ச்சியின் நடுவே அவர் குரல் கம்மிப்போகும். மருத்துவர் சொன்னபடி இரண்டு வாரம் குரலுக்கு ஓய்வு கொடுத்தார். மேடையேறியபோது குரல் நன்றாகவே இருந்தது. பாதி நிகழ்ச்சிக்குள் மீண்டும் கம்மிற்று. அப்படியானால் கெடுப்பது நோயன்று, மேடையில் நான் செய்யும் ஏதோ ஒன்று என்று அவர் துணிந்தார். அந்த ஏதோ ஒன்று என்னவென்று மருத்துவரால் சொல்ல முடியவில்லை.

ஆகவே கண்ணாடி முன் நின்றார். இயல்பாகப் பேசும்போது ஒன்றும் தென்படவில்லை. ஒப்பிக்கத் தொடங்கியதும் மூன்று செயல்களைக் கண்டார்: தலையைப் பின்னுக்கு இழுக்கிறார், குரல்வளையை அமுக்குகிறார், வாய்வழியே ஒலியெழ மூச்சை உறிஞ்சுகிறார். மேலும் உற்றுநோக்கியபோது, இயல்பான பேச்சிலும் இவையே சிறிய அளவில் நிகழ்வதைக் கண்டார். சரி, தலையை முன்னே வைப்போம் என்று முனைந்தார். முன்னே வைத்ததாகவே உணர்ந்தார். இருபுறமும் கண்ணாடிகளைக் கூட்டிப் பார்த்தபோது, தலை முன்னிலும் மிகுதியாகப் பின்னே போயிருந்தது. செய்கிறேன் என்று உணர்ந்ததும் உண்மையில் செய்ததும் எதிரெதிர். பழக்கம் நெடுநாள் ஊறிய உடலில் உணர்வே பொய் சொல்லும் என்பதை அவர் கண்ட இடம் இது. என் மதிப்பில் அவர் வாழ்நாட் பணியில் இதுவே தலையாயது. பிற்காலத்தில் அவர் எழுதிய நூல்களின் நடை முள்ளடர்ந்தது. மாந்த குலத்தின் எதிர்காலம் பற்றிய பெருமுழக்கங்களை நான் கடந்துவிடுகிறேன். கண்ணாடி முன்னே பொறுமையாக நின்ற அந்த இளைஞர் மட்டும் தேர்ந்த ஆய்வாளர்.

அடுத்து அவர் கண்டது இன்னும் நுட்பமானது. தலையை இழுப்பது பேசும்போது தொடங்கவில்லை. பேசுவோம் என்று முடிவெடுத்தவுடன் தொடங்கிவிடுகிறது. எனவே செயலைத் திருத்துவதை விட்டு முடிவெடுக்கும் கணத்தைப் பிடித்தார். ஒரு தொடரைப் பேசுவதெனக் கருதுவார். உடனே அதற்கு இணங்க மறுப்பார். கழுத்து இறுகாதிருக்க, தலை முன்னும் மேலுமாகச் செல்ல, முதுகு நீண்டு அகல என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டே இருப்பார். பிறகு அந்தத் தொடரைப் பேசவும் செய்யலாம், ஒன்றும் செய்யாமலும் இருக்கலாம், பேசுவதற்குப் பதிலாகக் கையை உயர்த்தவும் செய்யலாம் என்று மூன்று வழிகளையும் திறந்தே வைப்பார். செயலின் கவர்ச்சி தணிந்த பின்னரே செய்வார். இந்தப் பயிற்சியில் குரலும் தேறியது, மூச்சும் சீர்ப்பட்டது. 1904இல் இலண்டன் சென்றார். மெய்யியலாளர் சான் தூயி அவரிடம் பயின்று அவர் நூல்களுக்கு முன்னுரை எழுதினார். 1973இல் நோபல் பரிசு பெற்ற விலங்கியலாளர் நிகோ தின்பெர்கன், தம் நோபல் உரையின் ஒரு பகுதியை இப்பயிற்சிக்கே ஒதுக்கினார். நோபல் மேடையில் சொல்லப்பட்டதனாலேயே ஒன்று மெய்யாகிவிடாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மெய்யா என்று அளந்தவர்கள் பின்னால் வந்தார்கள். முன்சொன்ன குர்பிங்கெல் முதுமையில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்துக்குப் பெயர்ந்திருந்தார். அங்கே அவரும் காச்சியதோரே முதலியோரும் முறுக்கும் கருவியொன்றைப் பயன்படுத்தினர். நிற்பவரின் பாதத்துக்கடியில் உள்ள மேடை, நொடிக்கு ஒரு பாகை என்ற மிகமெதுவான விரைவில், இருபுறமும் பத்துப் பாகை அளவு திரும்பும். இடுப்பையோ தோளையோ தலையையோ திரும்பாமல் ஒரு சட்டம் பிடித்துக்கொள்ளும். உடலின் நடுத்தண்டு அந்த முறுக்கை எவ்வளவு எதிர்க்கிறது என்று கருவி அளக்கும். முறுக்கு அத்தனை மெல்லியது, மேடை திரும்புவதை நிற்பவர் பொருட்படுத்தவே மாட்டார். ஆகவே நடிப்புக்கு இடமில்லை. அலெக்சாண்டர் பயிற்சியில் மூன்றாண்டு தேர்ந்த ஆசிரியர்களின் உடல், ஒத்த வயதும் உருவமும் உடைய மற்றவர்களின் உடலைவிட ஏறத்தாழப் பாதி எதிர்ப்பையே காட்டியது. அவர்கள் தொய்ந்து நிற்கவில்லை, நிமிர்ந்தே நின்றார்கள். விறைப்பு குறைந்தது என்பதைவிட, விறைப்பு முறுக்குக்கேற்ப இணங்கி மாறியது என்பதே 2011இல் வெளிவந்த இவ்வாய்வின் முதன்மையான செய்தி. முதுகுவலியுள்ளவர்கள் பத்து வாரம் பயின்றபோதும் இடுப்பு, நடுவுடல் ஆகியவற்றின் விறைப்பு குறைந்தது.

இக்கண்டுபிடிப்பில் ஓர் ஓட்டை உண்டு. மூன்றாண்டுப் பயிற்சி என்பது வெறும் எண்ணம் அன்று. ஆசிரியர் கைதொட்டுச் சொல்லித்தருவதும் அதில் அடங்கும். எண்ணத்தைத் தனியே பிரித்தெடுக்க வேண்டும். அதைச் செய்தது 2015இல் ராசல் கோயன் முதலியோர் வெளியிட்ட ஆய்வு. பார்க்கின்சன் நோயுள்ள இருபது பேர். இந்நோயில் உடல் கூனும், நடுவுடல் விறைக்கும், முதலடி எடுத்துவைப்பதே பெரும்பாடு. அவர்களுக்கு இருவகை அறிவுறுத்தல்கள் பழக்கப்பட்டன. ஒன்று, முயன்று உடலை மேலே இழுத்து நிமிரச் சொல்வது. நாம் பிள்ளைகளை அதட்டும் அதே வகை. மற்றொன்று, மிகை இறுக்கத்தை விட்டு இலேசாகி மேல்நோக்கி நீள்வதாக நினைக்கச் சொல்வது. ஒப்பிடுவதற்காக, தளர்ந்து இயல்பாக நிற்கும் நிலையும் அளக்கப்பட்டது. இரு அறிவுறுத்தல்களாலும் உடல் நிமிர்ந்தது. ஆனால் இரண்டாவதில் மட்டுமே தள்ளாட்டம் குறைந்தது; நடுவுடலின் விறைப்பு தணிந்தது; முதலடி சீராக எழுந்தது. கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரு நிமிர்வுகள், தசைக்குள் வெவ்வேறானவை.

வகுப்பறைகளிலும் வீடுகளிலும் நேராக உட்கார் என்று அதட்டும்போது பிள்ளை செய்வது என்னவென்று கூர்ந்து பார்த்தால் இது விளங்கும். மார்பு முன்தள்ளும், இடுப்பு உள்வளையும், தோள் பின்னே இழுபடும், மூச்சு நின்றுவிடும். சிறிது நேரத்தில் களைத்துப் பழையபடி கூனும். கட்டளை தவறாமல் நிறைவேறியது, நிறைவேறியதாலேயே தோற்றது. இந்த அதட்டலை நாம் விட்டுவிடலாம் என்பது என் துணிபு.

மருத்துவப் பயனைப் பொறுத்தவரை, இங்கிலாந்தில் நெடுநாள் முதுகுவலியுள்ள 579 பேரிடம் நடத்தி 2008இல் வெளியிட்ட ஆய்வே பேரளவினது. கடந்த நான்கு வாரத்தில் எத்தனை நாள் வலித்தது என்று ஓராண்டு கழித்துக் கேட்டபோது, வழக்கமான மருத்துவம் மட்டும் பெற்றவர்களுக்கு 21 நாள். அலெக்சாண்டர் பாடம் 24 பெற்றவர்களுக்கு 3 நாள். இது பெரிய வேறுபாடு. ஆயினும் எந்தச் சிகிச்சை பெறுகிறோம் என்பது நோயருக்குத் தெரிந்தே நடந்த ஆய்வு இது. அக்கறையோடு ஒருவர் நேரம் ஒதுக்கியதன் பயனும் அதில் கலந்திருக்கும். இம்முறை எல்லா நோய்க்கும் மருந்தென்று விற்பவர்களிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

உடலின்மேல் கவனம் வைப்பது நல்லதென்று இதுவரை படித்தவருக்கு, காபிரியேல் வுல்பு என்னும் செருமானிய ஆய்வாளரின் முடிவுகள் முரணாகத் தோன்றும். 1998இல் அவரும் உடன் ஆய்ந்தோரும், ஆடும் பலகைமேல் சமநிலை காக்கப் பழகுவோரை இரு குழுவாகப் பிரித்தனர். ஒரு குழு தம் பாதங்களை மட்டமாக வைத்திருப்பதில் கவனம் வைத்தது. மற்றது, பாதங்களுக்கு முன்னே பலகையில் ஒட்டியிருந்த அடையாளங்களை மட்டமாக வைத்திருப்பதில். பாதத்துக்கும் அடையாளத்துக்கும் இடைவெளி மிகச் சிறிது. செய்ய வேண்டியதும் ஒன்றே. ஆயினும் கற்றது எவ்வளவு நிலைத்தது என்று பின்னர் அளந்தபோது, வெளியே கவனித்த குழுவே சிறந்தது. அடையாளங்களைத் தொலைவில் வைத்தால் பயன் இன்னும் கூடியது. உடலின் திருத்தங்கள் விரைவும் நுண்மையும் பெற்றன. உறுப்பை நேரே ஆள முனையும் எண்ணம், தானே நடக்கும் ஏற்பாட்டுக்குள் புகுந்து குழப்புகிறது என்பது வுல்பின் விளக்கம். எத்தனையோ விளையாட்டுகளில் இம்முடிவு மீண்டும் மீண்டும் காணப்பட்டிருக்கிறது.

முரண் தோற்றத்தில்தான். அலெக்சாண்டரும் உறுப்பைக் கட்டளையிட்டு நகர்த்துவதையே தவிர்க்கச் சொன்னார். அவர் சொன்ன நினைப்பு, தசைக்கான ஆணையாக அமையாமல், திசையைக் குறித்த விருப்பமாகவே நிற்கிறது. ஆனால் இரு தரப்பும் ஒன்றே சொல்கின்றன என்று முடிச்சுப் போடவும் மனம் ஒப்பவில்லை. தன் கழுத்தின் இறுக்கத்தை உணர்வது உள்நோக்கிய கவனமே. அதன் பயனும் ஓரிகன் கருவியில் தெரிகிறது. எந்த நேரத்தில் உள்ளே பார்ப்பது, எந்த நேரத்தில் வெளியே பார்ப்பது என்ற கேள்விக்கு இத்துறை இன்னும் நேரான விடை தரவில்லை. விடை வந்துவிட்டதாகச் சொல்லும் பயிற்சியாளர்கள் ஆய்வுகளில் பாதியைத்தான் படித்திருக்கிறார்கள்.

கவனம் உறுப்பை முடக்குவதற்கு மருத்துவம் அறிந்த மிகத் தெளிவான சான்று ஒன்றுண்டு. அமெரிக்க மருத்துவர் சார்லசு ஊவர் 1908இல் எழுதியது. மூளையிலோ நரம்பிலோ சிதைவு இல்லாமலே சிலருக்கு ஒரு கால் செயலிழக்கும். அத்தகைய ஒருவரைப் படுக்கவைத்து, செயலிழந்த காலின் குதிகாலைக் கட்டிலில் அழுத்தச் சொன்னால் அழுத்தம் இராது. மருத்துவர் தம் கையை அக்குதிகாலின் கீழே வைத்தபடி, நலமுள்ள மறுகாலைத் தூக்கச் சொல்வார். ஒரு காலைத் தூக்கும்போது மறுகால் தானே கீழழுத்துவது உடலின் இயல்பு; மாசுக்கோ ஆய்வில் கண்ட முன்னேற்பாட்டின் இனம் இது. நோயரின் கவனம் தூக்கும் காலில் இருக்கையில், செயலிழந்ததாகக் கருதிய கால் வலுவோடு மருத்துவர் கையை அழுத்தும். ஊவர் காலத்தில் இதை நடிப்பைக் கண்டுபிடிக்கும் உத்தியாகவே கொண்டனர். பல நோயர் பொய்யரென்று பழிக்கப்பட்டனர். இன்றைய நரம்பியலாளர் பலர் இதையே நோயருக்குச் செய்து காட்டுகின்றனர்: கம்பி அறுபடவில்லை, நீங்கள் முயலும்போதுதான் வழி அடைபடுகிறது, ஆகவே மீள முடியும் என்று. நூறாண்டில் ஒரே அடையாளம் குற்றச்சாட்டிலிருந்து ஆறுதலாக மாறியிருக்கிறது.

பார்க்கின்சன் நோயர் நடையில் இதற்கு நேர்மாறு காணலாம். தானே நடக்கும் ஏற்பாடு அவர்களுக்குக் குலைந்திருக்கிறது. தரையில் குறுக்கே பட்டைக்கோடுகளை இட்டு, ஒவ்வொன்றையும் தாண்டச் சொன்னால், குறுகிய அடி நீள்கிறது. உறைந்து நின்றவரும் நடக்கிறார். நீண்ட அடி வைப்பதாக நினைத்தாலே அடி நீள்வதும் உண்டு. ஆனால் அப்போது வேறொன்றை நினைக்கவைத்தால் பழைய குறுநடை திரும்பிவிடுகிறது.

எண்ணமும் நடையும் என்று பேசினால் பலருக்கும் நினைவு வருவது 1996இல் நியூயார்க்கில் நடந்த ஆய்வு. முதுமையைக் குறிக்கும் சொற்களைக் கொண்டு தொடர் அமைத்த மாணவர்கள், அறையை விட்டுப் போகையில் மெதுவாக நடந்தனர் என்று சான் பார்கு முதலியோர் எழுதினர். பாடநூல்கள் இதைப் போற்றின. 2012இல் பிரசெல்சு நகர ஆய்வாளர்கள், மனிதர் கையில் நேரமானியைக் கொடுக்காமல் அகச்சிவப்புக் கதிரால் நடையை அளந்தபோது, அந்த விளைவு தோன்றவில்லை. பின்னர் ஆய்வை நடத்துவோரிடம், இவர்கள் மெதுவாக நடப்பார்கள் என்று முன்கூட்டியே சொல்லிவைத்தனர். அப்போது மாணவர்கள் மெதுவாக நடந்தார்கள். ஆன்சின் முற்றத்தில் நடந்ததே ஆய்வுக்கூடத்திலும் நடந்திருக்கிறது. எதிர்காலத்தை நினைத்தால் உடல் முன்னேயும் கடந்தகாலத்தை நினைத்தால் பின்னேயும் சாயும் என்று 2010இல் வந்த அழகிய முடிவும், பிறர் திரும்பச் செய்தபோது நிலைக்கவில்லை. அழகாக இருக்கும் முடிவுகளை இத்துறையில் இருமுறை சோதிக்க வேண்டும்.

உறுதியாக நிலைத்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சுவீடனின் உமியோ நகரில், முதியோர் இல்லங்களில் வாழ்ந்த, நடக்கக்கூடிய 58 பேரோடு உடன் நடந்தபடி ஒருவர் பேச்சுக் கொடுத்தார். 46 பேர் பேசிக்கொண்டே நடந்தனர். 12 பேர் பதில் சொல்வதற்காக நின்றனர். நடப்பதற்கே தம் எண்ணம் முழுவதும் தேவைப்பட்டவர்கள் அவர்கள். அடுத்த ஆறு மாதத்தில் அந்த 12 பேரில் 10 பேர் விழுந்தனர். மற்ற 46 பேரில் விழுந்தவர் 11 பேர். 1997இல் இலான்செட்டு இதழில் வந்த இக்குறிப்பு மிகச் சிறியது. கருவி எதுவும் கேட்காதது.

உங்கள் வீட்டு முதியவர், நடக்கையில் நீங்கள் கேட்கும் கேள்விக்கு நின்று பதில் சொல்கிறார் என்றால், அதை அடுத்த முறை மருத்துவரிடம் மறவாமல் சொல்லுங்கள். அவர் படியிறங்கும்போதும், ஈரத்தரையில் அடிவைக்கும்போதும் பேச்சுக் கொடுக்காதீர்கள். அமர்ந்த பின் கேளுங்கள்.